முத்துப் பண்ணையைச் சும்மா சுற்றிக் காட்டுகிறார்களே, ஏன்?

ரங்கிரோவாவில் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்காரம்மா இரண்டாம் நாள் காலையில் வந்து, "முத்துப் பண்ணைக்குப் போகிறீர்களா, வண்டி வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். தலைக்கு எவ்வளவு என்று அக்கா கேட்டாள். ஒன்றும் கிடையாது, வண்டியும் இலவசம், சுற்றிக் காட்டுவதும் இலவசம் என்றார். தேங்காயையும் மீனையும் விட்டால் பாக்கி எல்லாமே கப்பலில் வந்து இறங்குகிற தீவு அது, ஒரு தக்காளியைக்கூட யோசித்துத்தான் வாங்க வேண்டும். அங்கே ஒன்று சும்மா கிடைக்கிறது என்றால் நம் ஊர் ஆளுக்கு எங்கேயோ இடிக்கும். எங்களுக்கும் இடித்தது.

ஏமாற்று வேலை எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த இலவசத்துக்குப் பின்னால் இருபது இருபத்தைந்து வருடக் கதை இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் விலையைப் பற்றிப் பேச வேண்டும், விலையைப் பற்றிப் பேச வேண்டுமானால் சிப்பிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஆகவே அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

இடம் எங்கே என்று தெரியாதவர்களுக்கு: பசிபிக் பெருங்கடலின் நடுவே பிரெஞ்சு பாலினீசியா. அதில் துவாமோத்து என்று ஒரு தீவுக்கூட்டம். மலை கிடையாது, ஆறு கிடையாது. பவளப்பாறை வளையமாக எழும்பி, அந்த வளையத்தின் மேல் கொஞ்சம் மண்ணும் தென்னையும், நடுவில் ஒரு காயல். ரங்கிரோவாவின் காயலுக்குள் தஹிதித் தீவையே தூக்கி வைத்துவிடலாம், அவ்வளவு பெரியது. தலைநகர் பாப்பேத்தேயிலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரம். உலகம் முழுக்க 'தஹிதி முத்து' என்று விற்கப்படுவது இந்த மாதிரித் தீவுகளிலும் தெற்கே காம்பியே தீவுகளிலும்தான் விளைகிறது, தஹிதியில் அநேகமாக ஒன்றும் விளைவதில்லை. சேலத்து மாம்பழம் கிருஷ்ணகிரியில் காய்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கட்டி ஏற்றுமதியாகிற ஊரின் பெயர் சரக்கின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மாம்பழத்தைச் சும்மா இழுக்கவில்லை. முத்து எப்படி உண்டாகிறது என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் படித்த பதில்தான் எல்லோருக்கும் வரும்: சிப்பிக்குள் மணல் புகுந்துவிடும், உறுத்தல் தாங்காமல் சிப்பி அதைச் சுற்றி ஒரு பூச்சு பூசும், அதுதான் முத்து. நம் முன்னோர் சொன்னது இதைவிட அழகாக இருந்தது, சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளியைச் சிப்பி வாய் திறந்து வாங்கிக்கொள்கிறது என்றார்கள். இரண்டுமே சரியில்லை. கடலடி மணலிலேயே காலம் தள்ளுகிற பிராணிக்கு ஒரு மணலை வெளியே தள்ளத் தெரியாதா என்ன? இயற்கை முத்து பெரும்பாலும் ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ வருவது. 1902இல் மன்னார் முத்துப் பாறைகளை ஆராய வந்த ஹெர்ட்மேன் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர், இலங்கை முத்துகளை அறுத்துப் பார்த்து, நாடாப்புழுவின் இளம்பருவம்தான் அவற்றுக்குக் கரு என்று எழுதினார். அவர் சொன்னது முழுக்க நிலைக்கவில்லை, ஆனால் மணல் கதை அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது.

உண்மையான சூட்சுமம் சிப்பியின் ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய சதையில் இருக்கிறது. மேலாடை மாதிரி உடலைப் போர்த்தியிருக்கும் அந்தச் சதையின் வெளிப்பக்க செல்கள்தான் ஓட்டின் உள்ளே பளபளக்கும் பூச்சைச் சுரக்கின்றன. அந்த செல்கள் கொஞ்சம் பிய்ந்து, வேறு காரணத்தால் உடம்புக்குள்ளே போய்ச் சேர்ந்துவிட்டால், அங்கேயும் தங்கள் வேலையை நிறுத்துவதில்லை. பெருகி ஒரு பையாகின்றன, பைக்குள் பூச்சைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. ஓடாக ஆக வேண்டியது உருண்டையாகிவிடுகிறது. முத்து என்றால் அவ்வளவுதான், இடம் தவறிய ஓடு.

இதைக் கையால் செய்யலாம் என்று கண்டுபிடித்ததுதான் பண்ணை. ஜப்பானில் மிக்கிமோத்தோ 1893இல் அரை முத்து எடுத்தார். முழு உருண்டைக்கான வழியை மிசே, நிஷிகாவா என்ற இரண்டு பேர் 1907 வாக்கில் கண்டுபிடித்தார்கள். செய்முறையின் பெயர் பிரெஞ்சில் 'கிரெஃப்', அதாவது ஒட்டு. நம் ஊரில் ஒட்டு மாங்கன்று கட்டுகிறோமே, அதே சொல், அதே தர்க்கம்.

பண்ணையில் நாங்கள் பார்த்தது இதைத்தான். காயலுக்குள் கட்டைகள் நட்டு அதன் மேல் ஒரு தகரக் கொட்டகை, கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி. உள்ளே சன்னலோரம் ஒரு மேஜை, மேஜையில் சிறு இரும்புப் பிடிப்பான், ஒரு விளக்கு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற நாலைந்து கருவிகள். சீனாவிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். நாங்கள் பத்துப் பேர் சுற்றி நின்றதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்தில் ஒரு தட்டில் உள்ளங்கை அகலச் சிப்பிகள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ஆப்பு. இன்னொரு சின்னப் பலகையில், முன்பே அறுத்த ஒரு சிப்பியின் மேலாடைச் சதையை நாடா மாதிரி உரித்து, ஓரம் சீவி, நொய்யரிசி அளவுக்குச் சதுரம் சதுரமாக நறுக்கி வைத்திருந்தார். அந்த அறுபட்ட சிப்பி கொடையாளி, அதன் ஓட்டின் உள்நிறம் நன்றாக இருந்ததால் தேர்ந்தெடுத்தார்கள், ஒட்டு மாங்கன்றுக்கு நல்ல தாய்மரம் தேடுகிற மாதிரி.

சிப்பியைப் பிடிப்பானில் மாட்டி, வாயை ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் திறக்கிறார். அதற்கு மேல் திறந்தால் மூடும் தசை கிழிந்து சிப்பி செத்துவிடும். உள்ளே நாக்கு மாதிரி இருக்கும் காலை ஒதுக்கி, அதன் அடியில் ஒரு சிறு கீறல், அங்கிருந்து இனப்பெருக்க உறுப்பு வரை ஒரு சுரங்கம். நொய்யரிசித் துண்டு முதலில் போகிறது. பின்னாலேயே ஒரு வெள்ளை மணி, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கருவிகளை உருவுகிறார், சிப்பி வாயை மூடிக்கொள்கிறது, அடுத்த சிப்பி. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பது வருவதற்குள் முடிந்துவிட்டது. பழகிய கை ஒரு நாளில் சில நூறு சிப்பிகளுக்கு இப்படி ஒட்டு வைக்குமாம்.

அப்படியானால் முத்தின் அம்மா யார் என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்விதான். முத்தைச் சுரப்பவை செத்துப்போன கொடையாளியின் செல்கள். இரண்டு வருடம் வயிற்றில் சுமப்பது வாடகைத் தாய். நிறத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது கொடையாளி. (அம்மா என்று சொல்வதே சரியா என்றும் தெரியவில்லை, இந்தச் சிப்பிகள் ஆணாகத்தான் முதிர்கின்றன, வயதானபின் சில பெண்ணாக மாறுகின்றன.)

அந்த வெள்ளை மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டுவைத்தேன், பதில் எதிர்பார்க்காதது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் வளரும் நன்னீர் மட்டியின் தடித்த ஓட்டை அறுத்து, உருட்டி, மெருகேற்றிய மணி. ஒரு காலத்தில் அதே மட்டி ஓட்டில் சட்டைப் பொத்தான் செய்தார்கள். ஆக அமெரிக்க ஆற்று ஓடு, ஜப்பானியச் செய்முறை, பாலினீசியக் காயல், சீனக் கைகள், விலை பசிபிக் பிராங்க்கில், ஏலம் பெரும்பாலும் ஹாங்காங்கில். கடலின் கண்ணீர், இயற்கையின் அதிசயம் என்றெல்லாம் கடையில் எழுதி வைத்திருப்பதைப் படிக்கும்போது இந்தப் பட்டியல் கொஞ்சம் ஞாபகத்தில் இருக்கட்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். முதல் ஒட்டில் வைக்கும் மணி சுமார் 7 மில்லிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். பிரெஞ்சு பாலினீசிய அரசு பல ஆண்டுகள் ஏற்றுமதிக்கு வைத்திருந்த விதி, பூச்சு குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது. அப்படியானால் முத்து 8.6 மில்லிமீட்டர். கன அளவைப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல், நூற்றுக்கு ஐம்பத்து நாலு பங்கு, மிசிசிப்பி மட்டிதான்! இதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம், தஹிதி முத்தின் பூச்சு இதைவிட நன்றாகத் தடித்திருப்பது சாதாரணம். ஜப்பானிய அகோயா முத்தில் பூச்சு பல சமயம் அரை மில்லிமீட்டரே இருக்கும். சீன நன்னீர் முத்தில் பெரும்பாலும் மணியே கிடையாது, வெறும் சதைத் துண்டுதான் வைக்கிறார்கள், ஒரே மட்டிக்குள் முப்பது நாற்பது விளையும். உள்ளே முழுக்கப் பூச்சு, ஆனால் விலை மலிவு. பூச்சின் தடிமன் வேறு, சந்தை கேட்கும் விலை வேறு.

ஒட்டு வைத்த சிப்பியைத் தண்ணீரில் விட்டதோடு வேலை முடிந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலில் சிப்பியே சும்மா வருவதில்லை. காயலில் மிதக்கும் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ளக் கறுப்பு வலைத்துணிப் பட்டைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், ஒட்டிய குஞ்சு ஒட்டு வைக்கிற அளவுக்கு வளர இரண்டிலிருந்து மூன்று வருடம். ஒட்டு வைத்தபின் முதல் நாற்பது நாள் வலைப்பையில் தொங்கவிடுகிறார்கள், மணியை வெளியே துப்பிவிட்ட சிப்பி எது என்று பை காட்டிக்கொடுத்துவிடும். சில சமயம் மணியைத் துப்பிவிட்டுச் சதைத் துண்டை மட்டும் வைத்துக்கொள்ளும், அப்போது கோணல்மாணலாக, முழுக்கப் பூச்சாலேயே ஆன சிறு முத்து கிடைக்கும். அதற்கு 'கெஷி' என்று பெயர், ஜப்பானிய மொழியில் கசகசா.

மணி தங்கிய சிப்பிகள் இன்னும் ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம் கயிற்றில் தொங்க வேண்டும். தொங்குகிற காலம் முழுக்க அவற்றின் மேல் பாசியும் பஞ்சுயிரிகளும் கொட்டலசுகளும் ஏறிக்கொண்டே இருக்கும், விட்டால் சிப்பியின் வாயையே அடைத்துவிடும். ஆகவே சில மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கயிற்றையும் மேலே இழுத்து, ஒவ்வொரு சிப்பியையும் கழுவி, திரும்ப இறக்க வேண்டும். பண்ணையில் பத்துப் பேர் வேலை செய்தால் எட்டுப் பேர் கழுவுகிறவர்கள்தான். இறக்கியபின் ஆமையும் திருக்கையும் ஓடு கடிக்கிற மீன்களும் வரும், அதற்கு வலைக்கூண்டு. எங்கள் வழிகாட்டிப் பையன், இருபத்தைந்து வயதுதான் இருக்கும், உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. "முத்து வளர்ப்பது என்றால் தட்டுக் கழுவுவது" என்றான். ஆஹே என்ற தீவில் ஒரு பண்ணை கயிறுகளை ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்த்தி, பாறை மீன்களையே மேய விட்டுச் சுத்தம் செய்கிறது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அழுக்கையெல்லாம் காயலிலேயே கொட்டுவதைவிட நல்ல ஏற்பாடு.

காயலுக்கு இது சும்மா போகிற விஷயமும் இல்லை. கைவிட்ட பண்ணைகளின் கயிறும் மிதவையும் வலைத்துணியும் கடலடியில் கிடந்து பொடியாகின்றன. ஆஹே, மனிஹி, மங்காரேவா காயல்களில் தண்ணீரிலும் சிப்பிகளிலும் பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சுற்றிக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு என்ன தேறுகிறது? நூறு சிப்பிக்கு ஒட்டு வைத்தால் விற்கிற தரத்தில் முப்பது முத்து வந்தால் நல்ல அறுவடை என்கிறார்கள். அந்த முப்பதில் குறையே சொல்ல முடியாத உருண்டை ஒன்றோ இரண்டோ. நல்ல உருண்டை கொடுத்த சிப்பிக்கு அதே இடத்தில், எடுத்த முத்தின் அளவுக்கே பெரிய மணி ஒன்றைத் திரும்ப வைக்கிறார்கள், பை ஏற்கெனவே தயாராக இருப்பதால் சதைத் துண்டு வேண்டியதில்லை. இப்படி மூன்று முறை, அபூர்வமாக நான்கு முறை. மழைக்காலத்து வெப்பமோ நோயோ வந்தால் மொத்தமும் போய்விடும். பக்கத்துக் குக் தீவுகளின் மனிஹிக்கியில் 2000ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு பாக்டீரியா நோய் பரவிப் பண்ணைகள் விழுந்தன. நெருக்கி நெருக்கிக் கயிறு கட்டியதும் அதற்கு ஒரு காரணம்.

நிறத்துக்கு வருவோம். கறுப்பு முத்து என்று பெயரே தவிர, சுத்தக் கறுப்பு அங்கே அநேகமாக இல்லை. கரும்பச்சை, சாம்பல், வெள்ளி, நாவற்பழம், இரும்பு. சிப்பியின் ஓட்டோரம் கறுப்பாக இருப்பதால் அந்தப் பெயர். பூச்சு என்பது சுண்ணாம்புச் சத்தின் மெல்லிய தட்டுகள் செங்கல் அடுக்கியது போல ஆயிரக்கணக்கில் அடுக்கியது, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு; இயற்கையான நிறமி ஒரு பக்கம் இருந்தாலும், மழை பெய்த ரோட்டில் எண்ணெய் படர்ந்தால் வருகிற வர்ணம் போல, இந்த அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது வருகிற மினுமினுப்புதான் காசு. கடைக்காரப் பெண் ஒரு முத்தை எடுத்து, இதுதான் எல்லாரும் கேட்பது, பீக்காக் என்றாள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "மயில் கழுத்துடி" என்றாள். வேறு சொல்லே வேண்டாம்! பச்சையிலிருந்து ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் கை திருப்பத் திருப்ப ஓடுகிற அதே நிறம், பட்டுப்புடவைக் கடையில் நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வாங்குவது. அப்புறம் அவள் காட்டிய கத்தரிக்காய் நிறத்துக்கும் எங்களிடம் பெயர் தயாராக இருந்தது, கத்தரிப்பூ.

சரி, இப்போது அந்த இலவசம்.

பண்ணை முத்து வருவதற்கு முன்னால் முத்து என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று இன்று நினைத்துப் பார்க்கவே கஷ்டம். 1917இல் கார்ட்டியே என்ற நகை நிறுவனம் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் ஒரு மாளிகையையே இரட்டைச்சர முத்துமாலை ஒன்றும் நூறு டாலரும் கொடுத்து வாங்கியது. அந்த மாலை 1957இல் ஏலத்துக்கு வந்தபோது போனது 1,51,000 டாலருக்கு. கட்டடம் இன்னும் நிற்கிறது. இடையில் நடந்தது ஜப்பானியப் பண்ணை முத்தும் உலகப் பொருளாதார வீழ்ச்சியும்; பாரசீக வளைகுடாவில் முத்துக்குளிப்பை நம்பியிருந்த ஊர்கள் படுத்துவிட்டன. யாராலும் விளைவிக்க முடியும் என்று ஆனதும் அரிது என்கிற மதிப்பு போய்விட்டது.

அதே கதை துவாமோத்துவில் இரண்டாம் முறை, சிறிய அளவில், நடந்தது. அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து சிப்பி எடுத்தது ஓட்டுக்காக, ஐரோப்பியச் சட்டைகளுக்குப் பொத்தான் செய்ய. குளித்துக் குளித்துச் சிப்பியே குறைந்துவிட்டது. 1960களின் தொடக்கத்தில் டொமார் என்ற அரசு அதிகாரி ஒரு ஜப்பானிய ஒட்டுக்காரரை வரவழைத்துச் சோதனை செய்தார், முத்து வந்தது. அந்தப் பத்தாண்டின் பின்பகுதியில் மனிஹியில் முதல் வியாபாரப் பண்ணை. முதலில் இந்த இருண்ட முத்தை நகைக்கடைக்காரர்கள் நம்பவே இல்லை, சாயம் போட்டது என்றார்கள். 1970களில் நியூயார்க் வியாபாரி சால்வடோர் அஸ்ஸாயெல் அதை ஐந்தாவது அவென்யூ கண்ணாடிப் பெட்டிக்குள் வைரத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு மோகத்தையே உண்டாக்கினார். பிறகு கேட்க வேண்டுமா? ரொபேர் வான் போன்ற பெரிய முதலாளிகள் தீவு தீவாகப் பண்ணை போட்டார்கள், கொப்பரை வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் கூட நாலு கயிறு கட்டினார்கள். 2000 வாக்கில் ஆண்டு ஏற்றுமதி 11 டன்னைத் தொட்டது. விலை? பாதாளத்துக்குப் போனது. நெல்லோ தக்காளியோ வெங்காயமோ பயிரிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்கள் தாங்கினார்கள், சின்னப் பண்ணைகள் வரிசையாக மூடின. மூடாமல் நின்றவற்றில் பல, ஏலத்தில் கிராம் கணக்கில் போடுவதை விட்டுவிட்டு, முத்தைத் தானே பதித்துத் தானே விற்க ஆரம்பித்தவை. அதற்கு வாங்குகிறவர் பண்ணை வாசலுக்கு வர வேண்டும். வருகிறவர் யார்? விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுக்காரர். அவரை ஏன் வண்டி வைத்துக் கூப்பிட்டு, இரண்டு வருடம், நாற்பது நாள், நூற்றுக்கு முப்பது என்றெல்லாம் சொல்ல வேண்டும்? பாப்பேத்தேக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது இவ்வளவா என்று கேட்கத் தோன்றுகிற விலை, தழும்பு விழுந்த அந்தக் கையைப் பார்த்தபின் இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு மணி நேரச் சுற்றுலா விற்பனையின் முதல் பாதி, அவ்வளவுதான் விஷயம். நான் குறையாகச் சொல்லவில்லை. இடைத்தரகர் தின்கிற லாபம் கழுவுகிறவனுக்குப் போவது நல்லதுதானே. 2023 வாக்கில் சீன வாங்குபவர்களின் ஆசையால் ஏல விலை மறுபடி சரசரவென்று ஏறியது. ஏறினாலும் வேன் நிற்கவில்லை, முன்பு பட்டது யாருக்கும் மறந்திருக்காது.

நம் பக்கத்துக் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கொற்கை முத்து சங்கப் பாட்டிலிருந்தே இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம் 1905இல் ஒரே குளிப்பில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள், தூத்துக்குடியில் கடைசிப் பெரிய குளிப்பு 1961இல். 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி இதே ஒட்டு முறையில் இந்தியாவின் முதல் உருண்டைப் பண்ணை முத்தை எடுத்துவிட்டார். பிறகும் நம் கடற்கரையில் வரிசையாகப் பண்ணைகள் வராததற்குப் பெரிய காரணம் கண்ணுக்குத் தெரிகிறதுதான்: நம்மிடம் ரங்கிரோவா மாதிரி வளையம் போட்டுப் பாதுகாத்த ஆழமான காயல் இல்லை. திறந்த கடல், பருவமழை, புயல். நம் சிப்பியும் சிறியது, ஜப்பானிய அகோயாவின் உறவு.

முத்தைத் தரம் பிரிக்கும் பாஷையில் மட்டும் நாம் யாருக்கும் சளைத்தவர்களில்லை. ரங்கிரோவாவில் ஏ, பி, சி, டி என்று தட்டில் பிரித்து வைத்திருந்தார்கள். மன்னார் சந்தையில் ஆணி, மாசங்கு, குறுவல், தூள் என்று பத்துப் பெயருக்கு மேல் புழங்கின, ஓட்டை போட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து அளவு பிரித்தார்கள். ஆணிமுத்து என்பது அப்பழுக்கில்லாத உருண்டை, பெயர் இன்றும் நம் வாயில் இருக்கிறது.

வாங்குவது என்றால் சில விஷயம் தெரிந்திருக்கட்டும். கடையின் மஞ்சள் விளக்கில் பார்க்காதீர்கள், சன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். நல்ல பண்ணைக்காரர் அவரே கொண்டுபோவார். மினுக்கம் முதலில், உருண்டை அப்புறம்: உங்கள் முகம் அதில் கூர்மையாகத் தெரிகிறதா, பால் ஊற்றிய மாதிரி மங்கலா என்று பாருங்கள். துளையின் ஓரத்தில் நிறம் அடர்த்தியாகத் தேங்கியிருந்தால், அல்லது மாலை முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி கறுப்பாக இருந்தால், சாயம் போட்ட நன்னீர் முத்தாக இருக்கலாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், பல வருடம் முன்பு வேறொரு தீவில், பண்ணை என்று பலகை மாட்டிய ஒரு கடையில் 'தென்கடல் கருமுத்து' என்று வாங்கிய மாலை இரண்டு கோடை வியர்வைக்குள் கழுத்தில் நீலம் பூசியது. அங்கே தண்ணீரில் ஒரு கயிறுகூடத் தொங்கவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை. இந்தோனேசியாவின் லொம்போக், பிலிப்பைன்ஸின் பலவான் பக்கம் போகிறவர்களுக்கு: அங்கே நிஜமாக விளைவது வெளிறிய, பொன்னிறப் பெரிய முத்து, அதன் சிப்பியே வேறு. வியட்நாமின் ஹாலோங்கில் விளைவது அகோயா. கறுப்பை அங்கே தேடாதீர்கள்.

அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆணி எதையும் தொடவில்லை, தொட்டுப் பயனில்லை என்று விலைச்சீட்டே சொன்னது. கடைசித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். பம்பரம் மாதிரி மேலே அகன்று கீழே குவிந்து, நடுவில் மூன்று கோடு வளையம் வளையமாக ஓடியது. மயில் கழுத்து நிறம் அந்த வளையங்களுக்குள் தேங்கித் தேங்கி நின்றது. அங்கே இதற்கு வளைய முத்து என்று பெயர், நம் பழைய ஆட்கள் குறுவல் என்று தள்ளியிருப்பார்கள். உருண்டையின் விலையில் மிகச் சிறிய பங்கு. எனக்கு அந்தத் தட்டிலேயே அதுதான் அழகாகப் பட்டது.

பணம் கட்டும்போது அக்கா வழிகாட்டிப் பையனிடம், இதைக் கொடுத்த சிப்பி இப்போது எங்கே, திரும்ப மணி வைத்துக் கடலில் விட்டிருப்பீர்களா என்று கேட்டாள். அவன் சிரித்தான். வளைய முத்து கொடுத்ததற்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது, அடுத்ததும் வளையமாகவே வரும் என்றான். பிறகு எங்கள் விடுதியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, "நேற்று மதியம் எலுமிச்சை பிழிந்து தேங்காய்ப்பாலில் வெள்ளையாக ஒன்று சாப்பிட்டிருப்பீர்களே, கொரோரி?" என்றான்.